டெய்லர் அக்காவுக்கு, ஏரலிலிருந்து

எங்கள் வீட்டுக் கூடத்தில் சேறு இன்னும் காயவில்லை. கரண்ட் நேற்றுதான் வந்தது. போனில் சார்ஜ் ஏறியதும் முதல் வேலையாக இதை எழுதுகிறேன்.

மார்கழி முதல் நாள் தொடங்கி எங்கள் தூத்துக்குடிப் பக்கத்தில் மழையாலும் வெள்ளத்தாலும் நடந்ததெல்லாம் எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. படகைக் கொண்டுவந்து எங்களை ஏற்றிய கடற்கரை அண்ணன்மார், பள்ளிக்கூடத்து முகாமில் மூன்று வேளையும் பொங்கிப் போட்ட பிள்ளைகள், மாத்திரை தந்த நர்ஸம்மா, முன்பின் தெரியாத ஊர்களிலிருந்து போர்வையும் பாலும் அனுப்பியவர்கள், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும்.

என் மகளுக்கு 9 வயது. முகாமுக்கு வந்து இரண்டு நாள் அவள் வாயே திறக்கவில்லை. தாழ்வாரத்தில் தண்ணீர் சொட்டினால்கூட என் முந்தானையைப் பிடித்துக்கொள்வாள். மூன்றாம் நாள் காலை டெய்லர் அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவோடு வகுப்பறைக்குள் வந்தார். அவர் கடையில் மெஷின், தைக்க வந்த துணி எல்லாம் போய்விட்டன. மூடி இறுக்கமாக இருந்ததால் இந்த டப்பா மட்டும் மிஞ்சியது. உள்ளே ஊக்கு, ரவிக்கைக் கொக்கி, பிரஸ் பட்டன், சட்டைப் பட்டன், ஒரு சுருள் எலாஸ்டிக் நூல். லேசாக ஈரம் பட்டிருந்த ஊக்குகளைத் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். "வாங்கடே பிள்ளைகளா, வளையல் செய்வோம்" என்றார்.

பெரிய பிள்ளைகள் கையில் மட்டும்தான் ஊக்கு. சின்னதுகளுக்குப் பட்டனை நிறம்வாரியாகப் பிரிக்கும் வேலை. ஊக்கைத் திறந்து, ஊசியில் நாலு பட்டன் கோத்து, மூட வேண்டும். ஒவ்வொரு 'டக்' சத்தத்துக்கும் ஒரு சிரிப்பு. அப்புறம் ஊக்குகளை நேரும் தலைகீழுமாக மாற்றி மாற்றி அடுக்கி, மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல் கோக்க வேண்டும். ஊக்கின் அடியில் கம்பி சுருண்டு ஒரு கண் இருக்குமே, அதன் வழியாகவும் தலைப்பக்கத்து ஓட்டை வழியாகவும் நூல் போகும். இத்தனை வருடம் சேலையில் குத்துகிறேன், அந்தச் சுருளை நான் கவனித்ததே இல்லை. அதுதான் ஸ்பிரிங்காம். அது தள்ளுவதால்தான் ஊசி மூடிக்குள் போய் நிற்கிறது.

முகாமிலிருந்த வாத்தியார் ஒருவர் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். 1849இல் அமெரிக்காவில் வால்டர் ஹன்ட் என்பவர் 15 டாலர் கடனை அடைக்க வழி தேடிப்போய் இந்த ஊக்கைச் செய்தாராம், உரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டாராம். "கடன்காரன் செஞ்ச சாமானா இது" என்று கேட்டுவிட்டு அக்கா கொஞ்ச நேரம் கையிலிருந்த ஊக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரில் போன மெஷினுக்கு அவர் இன்னும் தவணை கட்ட வேண்டியிருக்கிறது.

என் மகளின் வளையல் முடியப்போகும்போது ஒரு ஊக்கு குறைந்தது. டப்பாவில் இல்லை. அவள் முகம் சுருங்கிவிட்டது. அக்கா தன் தாலிக்கயிற்றில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இது மத்ததைவிடப் பெருசா இருக்கு பெரியம்மா" என்றாள்.

மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அக்கா, அன்று உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் தொண்டை அடைத்துக்கொண்டது. குளிக்கும்போதுகூட அவள் வளையலைக் கழற்றுவதில்லை. துருப்பிடிக்கும் என்றேன், உங்களைப் போலவே எண்ணெய் போட்டுத் துடைக்கிறாள். பொங்கலுக்குள் உங்கள் மெஷினைச் சரிசெய்யத் தெருக்காரர்கள் சேர்ந்து பணம் போடுகிறோம். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடை திறந்ததும் முதலில் தைக்கப்போவது என் மகளின் பள்ளிக்கூடப் பாவாடை. அளவு கொடுக்க அவளே வருவாள், ஒரு அட்டை ஊக்கோடு.