நீஸ் எண்டு வித்துப்போட்டு நீஸுக்கு வெளியில விட்டது சம்பந்தமான புகார்

வணக்கம் அண்ணை,

பாரிஸ் லாச்சப்பலில இருக்கிற உங்கட பயண ஏஜென்சிக் கடையில, ஆகஸ்ட் லீவுக்கு குடும்பத்தோட தெற்குப் பிரான்ஸ் கடற்கரை நகரம் நீஸுக்குப் போக, ரெயினும் வாடகை வீடும் சேர்ந்த ஒரு கிழமைப் பக்கேஜ் எடுத்த ஆள்தான் எழுதுறன். ஃபோனில கதைச்சுக் களைச்சுப்போனன். எப்ப எடுத்தாலும் "வீட்டுக்காரனோட கதையுங்கோ, நாங்கள் இடையில நிண்ட ஆக்கள்தானே" எண்டு சொல்லி வைக்கிறீங்கள், அதால இனி எல்லாம் எழுத்தில. இதே கடிதம் ரெக்கமொந்தேயிலயும் (பதிவுத் தபாலிலயும்) வரும்.

ரிஜிவி (கடுகதி ரெயின்) ரிக்கற்றில ஒரு குறையும் இல்லை, அதை முதலே சொல்லிப்போடுறன். பாரிஸ் கார் து லியோன் ஸ்டேசனில ஏறி ஆறு மணித்தியாலத்துக்குள்ள நீஸில இறங்கியாச்சு, பிள்ளையளுக்கும் பக்கத்துப் பக்கத்து சீட். பிரச்சினை அதுக்குப் பிறகுதான். நீங்கள் வட்ஸ்அப்பில அனுப்பின அட்ரஸைப் போட்டுப் பாத்தால் அது நீஸே இல்லை, எயார்போட்டுக்கு அங்கால, வார் ஆத்தைக் கடந்து சென் லோரோன் து வார். பெட்டியளையும் மாமியையும் இழுத்துக்கொண்டு திரும்ப உள்ளூர் ரெயின் ஏறினம். உங்கட தம்பியைக் கேட்டால் "எல்லாம் நீஸ்தான் அண்ணை, பக்கத்துப் பக்கம்" எண்டுறார். 1860இல நீஸ் பிரான்சோட சேரும் வரைக்கும் அந்த வார் ஆறுதான் ரெண்டு நாட்டுக்கு எல்லையா இருந்தது, நீஸ் பக்கம் சார்டினியா ராசாவின்ர ஆட்சி, சென் லோரோன் பக்கம் பிரான்ஸ், அந்தக் காலத்தில நீங்கள் எங்களை நாடு மாத்தியெல்லோ இறக்கியிருப்பீங்கள். இண்டைக்கும் அது வேற மேரி (நகரசபை), வேற கொம்யூன் (ஊர்).

படத்தைப் பற்றியும் சொல்லவேணும். நீங்கள் காட்டின படத்தில பல்கனிக்கு முன்னால ப்ரொமெனாட் தே சோங்லே எண்ட கடற்கரை நடைபாதை, அதில இருக்கிற நீலக் கதிரையள், ஒரு பக்கத்தில நெக்ரெஸ்கோ ஹோட்டலின்ர றோஸ் கோபுரம், எல்லாம் வடிவாத் தெரியுது. அதைப் பாத்துத்தான் மனுசி ஓம் எண்டவ. நாங்கள் போய்ப் பல்கனிக் கதவைத் திறந்தால் சூப்பர்மார்க்கெற்றின்ர கார் பார்க், விடியக்காலமை லொறி பின்னுக்கு எடுக்கிற பீப் பீப் சத்தம், அது முடிய பிளேன் வெளிக்கிடத் தொடங்கும். கடல் தெரியேல்லையோ எண்டு கேட்டதுக்கு வீட்டுக்காரன் குசினி யன்னலால எட்டிப் பாக்கச் சொன்னான், பாத்தன், தெரியேல்லை. என்னட்டை வீடியோ கிடக்கு, அனுப்புறன்.

கடற்கரையைப் பற்றி நீங்கள் சொன்னதுதான் எனக்குப் பெரிய கோவம். "மணல் பீச், சின்னப் பிள்ளையளுக்கு நல்லது, வாளியும் சவளும் கொண்டு போங்கோ" எண்டு நீங்களே வாயால சொன்னீங்கள், மெசேஜிலயும் கிடக்கு. நீஸ் நகரத்துக் கடற்கரை முழுக்கக் கல்லு அண்ணை. ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ப்ரொமெனாட் ஓடுது, அதுக்குக் கீழ உள்ளங்கையளவு சாம்பல் நிறக் கூழாங்கல்லு, வார் ஆறும் பையோன் ஆறும் மலையில இருந்து உருட்டிக்கொண்டு வந்த கல்லு, மத்தியான வெயிலுக்கு வெறுங்காலோட மிதிக்க ஏலாது. அதோட கரை சரிவு, ரெண்டு மூண்டு அடி வைக்கவே இடுப்பளவு தண்ணி, அலை வந்து இழுக்கேக்க கல்லு காலுக்குக் கீழ நழுவுது, ஆறு வயசுப் பிள்ளையை எப்பிடி விடுறது? சின்னவள் வாளிக்குள்ள கல்லை அள்ளிப் போட்டு, கவிழ்த்து, கோட்டை வரேல்லை எண்டு அழுதுகொண்டு இருந்தாள். பிறகு அங்க கடையில எல்லாருக்கும் ரப்பர் சப்பாத்து வாங்கினது, அது தனிச் செலவு.

மணல் வேணுமெண்டால் வில்பிராஞ் சூர் மேருக்குப் போகோணும், நீஸ் பெரிய ஸ்டேசனில இருந்து ரெண்டாவது ஸ்டேசன், பத்து நிமிசமும் இல்லை, கரை அமைதி, தண்ணியும் ஆழமில்லை. இதை ரெயினில பக்கத்தில இருந்த ஒரு அல்ஜீரியப் பொம்பிளை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பல வருசமா நீஸ் பக்கேஜ் விக்கிற உங்களுக்கு இது தெரியாதோ? கடைசி நாளுகள் அங்கதான் போனம், ஆனால் சென் லோரோனில இருந்து வெளிக்கிட்டு, மாறி ஏறி, இரவு திரும்பி வாறதுக்குள்ள மாமிக்கு முழங்கால் வீங்கிப்போச்சு. நீஸுக்குள்ள வீடு தந்திருந்தால் இந்தச் சிரமம் ஒண்டும் இல்லை.

நீங்கள் தந்த புரோகிராம் தாளையும் இணைச்சிருக்கிறன். திங்கட்கிழமை கூர் சலேயா பூச்சந்தை எண்டு போட்டிருக்கிறீங்கள். திங்கள்ல அங்க பூவும் இல்லை, மரக்கறியும் இல்லை, பழஞ்சாமான் சந்தை. சாமிப்படத்துக்குப் பூ வாங்கவெண்டு வந்த மாமி பழைய வெள்ளிக் கரண்டியளைப் பாத்துக்கொண்டு நிண்டவ. இது சின்ன விசயம், இதுக்கு நான் காசு கேக்கேல்லை, ஆனால் ஒருத்தரும் அந்தத் தாளை ஒழுங்காப் பாத்து அடிக்கேல்லை எண்டு விளங்குது.

இப்ப காசு. மொத்தம் 2,350 யூரோ வாங்கினீங்கள். அதே கட்டடத்தில, அதே கிழமைக்கு, அதே அளவு வீடு வேற ஒரு இடத்தில 700 யூரோவுக்குப் போட்டிருந்தது, ஸ்கிரீன்ஷொட் இருக்கு. அதோட கோசியோன் (வீட்டு வைப்புப்பணம்) எண்டு பிடிச்ச 400 யூரோவை, மெத்தையில கறை எண்டு சொல்லித் தர மாட்டாங்களாம். நாங்கள் போகேக்கயும் எத்தா தே லியூ (வீட்டு நிலைமையைப் பாத்து எழுதிற தாள்) செய்யேல்லை, வரேக்கயும் செய்யேல்லை, ஒரு தாளிலயும் கையெழுத்து இல்லை. அந்தக் கறை நாங்கள் போன அண்டைக்கே கிடந்தது, நேரம் திகதியோட படம் எடுத்து வச்சிருக்கிறன்.

"இடையில நிண்ட ஆக்கள்" கதையை இனிச் சொல்லாதேங்கோ. ரெயினும் வீடும் சேர்த்து ஒரே விலைக்கு வித்தால் அது சட்டப்படி ஃபோர்ஃபே (பக்கேஜ்), கோட் து தூரிஸ்மில (பிரான்ஸ் சுற்றுலாச் சட்டத்தில) எல் 211-16 எடுத்துப் பாருங்கோ, அதுக்குள்ள வாற சேவையளுக்கு வித்தவர்தான் பொறுப்பு, வீட்டுக்காரன் பிழை விட்டாலும் நீங்கள்தான் பதில் சொல்லவேணும், பிறகு நீங்கள் அவனட்டை வாங்குறது உங்கட பாடு. உங்கட விளம்பரத்தில வீட்டின்ர 13 எழுத்து-இலக்கப் பதிவு நம்பரும் இல்லை. நீஸில சுற்றுலாவுக்கு விடுற வீடு எண்டால் அந்த நம்பர் போடோணும், அது ஊரின்ர கோட்டோடதான் தொடங்கும், போட்டிருந்தால் வீடு எந்த ஊர் எண்டு எங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும்.

எனக்கு வேணும் எண்டது கோசியோன் 400 யூரோ முழுக்க, அதுக்கு மேல விலை வித்தியாசத்துக்கு 1,000 யூரோ. அடுத்த வருசத்துக்குக் கழிவு தாறம், கூப்பன் தாறம் எண்டு தம்பி சொன்னவர், அது வேண்டாம். இந்தக் கடிதம் கிடைச்சு 15 நாளுக்குள்ள பதில் எழுதுங்கோ. சரிவரேல்லை எண்டால், 60 நாள் முடிய சுற்றுலா மீடியேற்றருக்கு (பிணக்குத் தீர்க்கிற நடுவருக்கு) எல்லாத் தாளும் போகும், அதுக்குக் காசும் இல்லை, எனக்கு பிரெஞ்சில எழுதித் தர மூத்த மகள் இருக்கிறாள்.

ரிப் (பாங்க் கணக்கு விவரம்), படங்கள், வட்ஸ்அப் மெசேஜ், புரோகிராம் தாள் எல்லாம் இணைச்சிருக்கு. ஃபோன் எடுக்க வேண்டாம், எழுத்தில அனுப்புங்கோ.

நன்றி.