முழு நீளம் என்று விற்ற அரைகுறை அண்டர்குயில்ட்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: ஹேமக்குக்கான (மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தொங்கு படுக்கை) மிதமான குளிருக்கு ஏற்ற அண்டர்குயில்ட்டின் (அந்தப் படுக்கைக்கு அடியில் தொங்கவிடும் குளிர்காப்பு விரிப்பு) தவறான விவரங்கள், தளர்ந்துபோன எலாஸ்டிக் கயிறுகள், உங்கள் பிரதிநிதியின் பேச்சு ஆகியவை பற்றி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். “அதை ஹேமக்குக்கு உள்ளே விரித்து, அதன் மேல் படுத்துக்கொள்ளுங்கள் மேடம். குளிராது.” அண்டர்குயில்ட் தயாரித்து விற்கும் நிறுவனத்தின் பிரதிநிதி எனக்கு அருளிய ஆலோசனை இது.

உள்ளே விரித்துப் படுப்பதற்கு நான் ஏன் அண்டர்குயில்ட் வாங்க வேண்டும்? என்னிடம் ஸ்லீப்பிங் பேக் ஏற்கெனவே இருக்கிறது. ஹேமக்கில் அதன் அடிப்பக்கம் உடல் எடையில் நசுங்கிவிடுகிறது, இழைகளுக்கு நடுவே தங்கியிருக்கும் காற்று வெளியேறிவிடுகிறது, கீழே ஓடும் காற்று முதுகின் சூட்டை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. தரையில் படுப்பவருக்கு அடியில் பாய் இருக்கும். ஹேமக்கில் அடியில் இருப்பது ஒரு மெல்லிய துணிதான். இதனால்தான் அண்டர்குயில்ட்டைத் துணிக்கு வெளியே, எடை படாமல் தொங்கவிடுகிறோம். இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. உங்கள் பொருளின் பையிலேயே படம் போட்டிருக்கிறீர்கள். படம் போட்டவருக்குத் தெரிந்தது தொலைபேசியை எடுப்பவருக்கு எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்தும் என்னைத் தட்டிக்கழிக்கத்தான் அப்படிச் சொன்னார் என்றே நினைக்கிறேன்.

அவர் அதோடு நிறுத்தவில்லை. “இந்த விலைக்கு இதற்கு மேல் எதிர்பார்க்கலாமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காத்திருப்பு இசையை ஓடவிட்டுவிட்டார். மேலாளர் அவர்களே, என் வேதனை புரிய வேண்டுமானால் அந்த இசையை ஒருமுறை கடைசிவரை கேட்டுப் பாருங்கள். அதற்குக் கடைசி என்று ஒன்று கிடையாது.

விலையைப் பற்றி அவரே பேச்செடுத்ததால் சொல்கிறேன். நான் பனியில் முகாம் போடுகிறவள் அல்ல. இரவில் 10 டிகிரிக்குக் கீழே போகாத பருவத்தில்தான் போகிறேன். அந்தக் குளிருக்கு வாத்து இறகு அடைத்த விலை உயர்ந்த பொருள் தேவையில்லை. மெல்லிய செயற்கை இழை அடைத்ததே போதும். கொஞ்சம் ஈரம் பட்டாலும் அது இறகைப்போல் உடனே சோர்ந்துபோகாது, துவைப்பதும் எளிது. கூடுதல் எடையும், சுருட்டினால் பிடிக்கும் கூடுதல் இடமும்தான் குறை. அந்தக் குறைகளை ஏற்றுக்கொண்டுதான் வாங்கினேன். விலை குறைவாக இருப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன: குறைவான அடைப்பு, சாதாரணத் துணி, எளிய தையல். விவரத்தில் பொய் சொல்வது அந்தக் காரணங்களில் சேராது.

உங்கள் விற்பனைப் பக்கத்தில் ‘முழு நீளம்’ என்று போட்டிருந்தீர்கள். வந்த பொருள் என் தோளில் தொடங்கி முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடுகிறது. இதற்கு முக்கால் நீளம் என்று பெயர். முக்கால் நீளம் மோசமான பொருள் அல்ல. எடையும் செலவும் மிச்சமாகட்டும் என்று அதையே தேடி வாங்கி, கால்களுக்கு அடியில் ஒரு சிறிய நுரைப்பாய்த் துண்டை வைத்துச் சமாளிப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். முன்னாலேயே சொல்லியிருந்தால் நானும் அந்தத் துண்டைக் கொண்டுபோயிருப்பேன். சொல்லவில்லை. கெண்டைக்கால் விறைத்துப்போய் விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வெப்பநிலை விஷயம் இன்னும் அழகு. விற்பனைப் பக்கத்தில் 10 டிகிரி, பொருளில் தைத்த சீட்டில் 5 டிகிரி, நான் கேட்டபின் வந்த மின்னஞ்சலில் 15 டிகிரி. மூன்றில் எது உண்மை? அந்த எண் சௌகரியமாகத் தூங்கக்கூடிய வெப்பநிலையா, சமாளிக்கக்கூடிய கடைசி எல்லையா? ஸ்லீப்பிங் பேக்குகளை அளக்க ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிலை இருக்கிறது. சௌகரியம், எல்லை, அபாயம் என்று தனித்தனி அளவுகள் அதில் உண்டு. அது அண்டர்குயில்ட்டுகளுக்காக எழுதப்பட்டதல்ல என்பதால், இங்கே நிறுவனம் சொல்லும் எண்ணை நம்புவதைத் தவிர வாங்குபவருக்கு வேறு வழியில்லை. அந்த நம்பிக்கையைத்தான் நீங்கள் மூன்றாகப் பிரித்து விநியோகித்திருக்கிறீர்கள்.

திருப்பி அனுப்பும் கதைக்கு வருகிறேன். வருவதற்குள்ளேயே கோபம் வருகிறது. அசல் பையோடு உங்கள் சேகரிப்பு மையத்துக்கு நேரில் கொண்டுபோகச் சொன்னார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். ஒப்புதல் எண் இல்லாமல் வாங்க முடியாது என்றார் அங்கிருந்தவர். ஒப்புதல் எண்ணைக் கேட்டு உங்களை அழைத்தால், பொருள் மையத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் எண் உருவாகும் என்றார்கள். மையத்தின் வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே இருப்பவருக்கும் தொலைபேசியில் இருப்பவருக்கும் நடுவே நானே தூது போனேன். இருவரும் உங்கள் சம்பளம் வாங்குபவர்கள். ஒருவரோடு ஒருவர் பேச மட்டும் மாட்டார்களாம். கடைசியில் மையத்தை மூடும் நேரமாகிவிட்டது. பொருளைச் சுமந்துகொண்டு திரும்பினேன். தொலைபேசியில் இருந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? உள்ளே விரித்துப் படுக்கச் சொன்ன அதே நபர். குரலை மறக்க முடியுமா?

எலாஸ்டிக் கயிறுகளைப் பற்றி முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், உண்மையான கோளாறு அங்கேதான். அண்டர்குயில்ட் முதுகை ஒட்டி நிற்க வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. அழுத்தினால் அடைப்பு நசுங்கும். தளர்ந்தால் நடுவே காற்று புகும். இந்தச் சமநிலையைக் காப்பாற்றுவது நீளவாட்டில் ஓடும் எலாஸ்டிக் கயிறும், இரு முனைகளையும் சுருக்கிக் கட்டும் கயிறும்தான். உங்கள் எலாஸ்டிக் முதல் இரவிலேயே தொய்ந்து, அண்டர்குயில்ட் கறக்காத மாட்டின் மடிபோல் ஒரு சாண் கீழே தொங்கியது. முனைக் கயிற்றை இறுக்கிப் பிடிக்க வேண்டிய பிளாஸ்டிக் கவ்விகளில் ஒன்று பிடிக்கவே இல்லை, இன்னொன்று இல்லவே இல்லை. முனை திறந்திருந்தால் எவ்வளவு தடிமனான அடைப்பும் வீண், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடும். கயிறுகளைக் கூடுதலாக முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டியும் பார்த்தேன். தலைப்பக்கம் ஒட்டினால் இடுப்புப் பக்கம் பிரிந்தது. ஹேமக்கில் முதுகு நேராக இருக்கக் குறுக்காகச் சாய்ந்து படுப்பார்கள் என்பதை மறந்துவிட்டு அகலத்தையும் சுருக்கியிருக்கிறீர்கள். ஒரு தோள் எப்போதும் வெளியேதான்.

இதனால் எனக்கு ஏற்பட்ட இழப்பு சாதாரணமானதல்ல. இந்தப் பருவமே பாழாகிவிட்டது. என் இடுப்பு இனிமேல் பழைய நிலைக்குத் திரும்புமா என்று தெரியவில்லை. ஆர்வத்தோடு என்னுடன் முதல் முறையாக வந்த தங்கை, வாழ்நாளில் இனி ஹேமக்கில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளுடைய மனத்தை மாற்ற உங்களிடம் ஏதாவது உதிரிபாகம் இருக்கிறதா?

நான் சண்டைக்காரி அல்ல. உங்கள் மழைக்கூரைத் துணியை முன்பு வாங்கியிருக்கிறேன், நன்றாகவே உழைக்கிறது. அந்த மரியாதையில்தான் இவ்வளவு பொறுமையாக எழுதுகிறேன். செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். பொருளை என் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள், நான் இனி எந்த மையத்தின் வாசலிலும் நிற்கப்போவதில்லை. விற்பனைப் பக்கத்தில் நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் போடுங்கள், வெப்பநிலைக்கு ஒரே எண்ணைச் சொல்லி, அது சௌகரிய அளவா எல்லை அளவா என்றும் எழுதுங்கள். அந்தப் பிரதிநிதியிடமிருந்து எழுத்து மூலமான மன்னிப்பையும் எதிர்பார்க்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்தை அணுகுவேன். மூன்று வெப்பநிலைகளின் திரைப்பதிவுகள், தொய்ந்த கயிற்றின் படங்கள், மையத்தின் வாசலில் நின்ற நேரத்து அழைப்புப் பட்டியல் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அதற்கு அவசியம் வராது என்றே நம்புகிறேன். “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்” என்று தொடங்கும் தானியங்கி மின்னஞ்சலைப் பதிலாக ஏற்க மாட்டேன் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீதின் நகல், படங்கள், மின்னஞ்சல் பரிமாற்றங்கள்.