மட்டக்களப்பு மணலுக்கும் ஓர்க்கிட் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓர்க்கிட் என்றாலே கண்டி, பேராதனைப் பக்கத்துக்குத்தான் சரிவரும், இங்கே கச்சான் காற்று வீசத் தொடங்கினால் கருகிப்போகும் என்று எங்கள் ஊரில் பலர் இன்னும் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்கித் தொங்கவிட்ட டென்ட்ரோபியம் ஓர்க்கிட் ஆடி மாதத்தில் வாடுவதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில் பிழையில்லை. ஆனால் மண்ணிலேயே வேர்விடும் தரை ஓர்க்கிட்டை, அதாவது ஸ்பாதோகுளோட்டிஸ் பிளிகேட்டாவை, நட்டுப் பார்க்காமல் முடிவு கட்டலாமா?

கமுகங்கன்று மாதிரி மடிப்பு மடிப்பான இலை, அடியில் கிழங்கு, நடுவே நீண்டு எழும்பும் தண்டில் ஊதாவோ வெள்ளையோ மொட்டு மொட்டாக வாரக்கணக்கில் விரிந்துகொண்டே இருக்கும். தென்கிழக்காசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் புல்வெளி, காட்டோரம், வெட்டிய தெருக்கரை என்று வெயில் படும் இடங்களில் தானாக வளர்கிற செடி இது. 1883 இல் இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்து எல்லாம் அழிந்த மண்ணில் முதன்முதல் வந்து முளைத்த ஓர்க்கிட்டுகளில் இதுவும் ஒன்று என்றால் அதன் உறுதியைப் பாருங்கள்!

எங்கள் வளவுகளில் இதற்கு ஆபத்து கோடையை விட மாரியில்தான். கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும், அதனால் மேடான பாத்தியிலோ சாடியிலோ மணலோடு தும்பும் கூட்டெருவும் கலந்து வையுங்கள். வாவிக்கரைக் கிணற்று உவர்த்தண்ணீர் வேண்டாம்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். இது தானே மகரந்தம் சேர்த்துக் காய்த்துவிடும், விதை தூசி போலக் காற்றில் போகும். கரீபியனின் பியூர்ட்டோ ரிக்கோவில் தோட்டங்களிலிருந்து வெளியே பரவி, இதிலே பெருகிய ஒரு மூக்கு வண்டு உள்ளூர் ஓர்க்கிட்டையும் தாக்கி அதன் காய்ப்பைக் குறைத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே பூ முடிந்ததும் காய்த்தண்டை வெட்டிவிடுங்கள், பிரித்தெடுத்த கிழங்கை அயலவருக்குக் கொடுங்கள், பற்றைக்குள் மட்டும் வீசாதீர்கள். வறள் வலயப் பற்றைகளில் யூலோபியா என்ற நமது சொந்தத் தரை ஓர்க்கிட்டுகள் இருக்கின்றன, மரங்களில் ஒட்டி வளரும் ‘வண்டா’ என்ற ஓர்க்கிட்டும் இருக்கிறது. அவற்றின் விதை பூஞ்சணத்தின் துணையில்லாமல் முளைக்காது, அதனால் பிடுங்கினால் அந்த இடம் மீண்டும் நிரம்புவது லேசில்லை. யாராவது காட்டிலிருந்து கொண்டுவந்து விற்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

உங்கள் தோட்டப் பக்கத்தில் தோட்டத்து ஸ்பாதோகுளோட்டிஸ், காட்டு யூலோபியா இரண்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு கட்டுரை வெளியிட்டால் பெரிய உதவி. ஐப்பசி மழைக்கு முன்னர் வந்தால் பாத்தி உயர்த்தவும் நேரம் இருக்கும்.

ஒரு வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு