ஸ்டீரிங் கனத்ததற்கு உன் கை காரணமில்லை

அன்புள்ள மகளுக்கு,

நானும் அம்மாவும் நலம். போன வாரம் தொலைபேசியில் தோள்வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாய். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றினேன். வேலை முடியும்வரை உன்னிடம் வாய் திறக்கக் கூடாது என்றிருந்தேன், அதுதான் காரணம். இப்போது முடிந்துவிட்டது. நம் பழைய டிராக்டருக்குப் பவர் ஸ்டீரிங் போட்டுவிட்டேன்.

சிரிக்காதே. ஆறு வருடத்துக்கு முன் இதை நீ சொன்னபோது நான் குதித்த குதி எனக்கே நினைவிருக்கிறது. 1968இல் செய்த வண்டியைக் கெடுக்கப் பார்க்கிறாயா, அதெல்லாம் கார்க்காரர்களின் சொகுசு என்றேன். அதுவும் பிசகு. கிரைஸ்லர் நிறுவனம் இம்பீரியல் காரில் பவர் ஸ்டீரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1951இல். மூன்றே வருடத்தில், 1954இல், ஜான் டீர் தன் டிராக்டர்களுக்குத் தொழிற்சாலையிலேயே அதைப் பொருத்திக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. நம் வண்டி பிறப்பதற்குப் பதினான்கு வருடம் முன்பே உழவனுக்கு அந்த வசதி இருந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியது மட்டுமல்ல. வேலையைத் தொடங்கிய முதல் நாளே ஒன்றைக் கண்டேன். அதை உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

பம்ப், சிலிண்டர் எதையும் வாங்குவதற்கு முன், முன் அச்சை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரண்டு சக்கரமும் அந்தரத்தில் இருக்கும்போது ஸ்டீரிங்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று ஒரு பழைய மெக்கானிக் சொன்னார். தரையில் கனமாக இருந்து அந்தரத்தில் இலேசாக இருந்தால் அது பாரத்தின் கனம். அந்தரத்திலும் கனமாக இருந்தால் அது பழுதின் கனம். திருப்பினேன். அசைய மறுத்தது. டயர் தரையைத் தொடவே இல்லை, ஆனாலும் இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது.

ஸ்டீரிங்கின் இழுவையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க் கம்பியையும், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு கம்பியையும் கழற்றினேன். வலது சக்கரம் ஒரு விரலுக்குத் திரும்பியது. இடது சக்கரம் கதவு கீலில் துரு ஏறியதுபோல் முனகியது. சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக இருக்கும் கிங்பின்னைத் தட்டி வெளியே எடுக்கவே அரை நாள் ஆயிற்று. அதைச் சுற்றியுள்ள புஷ்ஷில் ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. பின்னின் ஒரு பக்கம் நகக்கண் ஆழத்துக்குத் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. பாரத்தைத் தாங்கும் பேரிங்கில் உருண்டைகள் உருண்டைகளாகவே இல்லை.

நான் கிரீஸ் அடிக்காத ஆள் இல்லை, உனக்கே தெரியும். பிறகு எப்படி? கிரீஸ் ஏற்றும் நிப்பிளைச் சுரண்டிப் பார்த்தேன். அதன் வாயை வண்ணம் அடைத்திருந்தது. நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது விடுமுறையில் வண்டிக்கு வண்ணம் அடித்தோமே, அந்தச் சிவப்பு. இத்தனை வருடமும் கிரீஸ் கன்னை அழுத்தும்போது நிப்பிளின் ஓரத்தில் பிதுங்கி வந்ததைப் பார்த்து, உள்ளே நிறைந்துவிட்டது என்று துடைத்துப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த விடுமுறையில் மட்கார்டு உன் பொறுப்பு, முன் அச்சு என்னுடையது. பழியை உன்மேல் தள்ளவும் வழியில்லை.

இரண்டு வருடம் கழித்து, உனக்குப் பதினான்கு வயதில், நீ ஓட்டிப் பார்க்கிறேன் என்று கேட்டாய். சால் நேராகத்தான் போட்டாய். வரப்போரம் வந்து இடது பக்கம் திருப்ப வேண்டிய இடத்தில் ஸ்டீரிங் வரவில்லை. எழுந்து நின்று, உடம்பையே அதன்மேல் சாய்த்து இழுத்தாய். வண்டி வரப்பில் ஏறிவிட்டது. நான் ஓடி வந்து, "உனக்குக் கையில் வலு போதாது, இறங்கு" என்றேன். நீ ஒன்றும் சொல்லாமல் இறங்கினாய். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அடுத்த வருடம் உன் தம்பியும் அதே இடத்தில் அதே வரப்பில் ஏற்றினான். அவனிடம் நான் "பழகப் பழக வரும்" என்றேன்.

கிங்பின், புஷ், பேரிங் மூன்றையும் மாற்றினேன். டை ராடு முனைகளும் ஆடிப்போயிருந்தன, அவற்றையும் மாற்றினேன். முன் டயர்களில் காற்று குறைவாக இருந்தது, சரிசெய்தேன். ஸ்டீரிங் வளையத்தின் ஓரத்தில் சுருள்வில் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தேன். வேலைக்கு முன் நின்ற இடத்தில் திருப்ப 22 கிலோ இழுவை வேண்டியிருந்தது. வேலைக்குப் பின் 12 கிலோ. பவர் ஸ்டீரிங்கின் ஒரு போல்ட்டைக்கூட அதுவரை பூட்டவில்லை. அந்தப் பத்து கிலோ வித்தியாசத்தை நோட்டில் எழுதிவிட்டு வெகுநேரம் அச்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

சரி, இனி வேலையைச் சொல்கிறேன். நீ இயந்திரவியல் படித்தவள், என்னைவிட உனக்குத் தெரியும். ஆனாலும் நான் செய்ததை நான் சொல்ல வேண்டும் அல்லவா.

வழி இரண்டு இருந்தது. பல்சக்கரங்கள் உள்ள பழைய ஸ்டீரிங் பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, டிராக் லிங்கில் ஓர் உதவிச் சிலிண்டரைச் சேர்ப்பது ஒன்று. பாக்ஸையே எடுத்துவிட்டு, ஸ்டீரிங் தண்டின் அடியில் ஆர்பிட்ரால் என்ற எண்ணெய் அளந்து அனுப்பும் கருவியை வைத்து முழுக்க எண்ணெயாலேயே திருப்புவது மற்றொன்று. முதலாவதில் பம்ப் நின்றாலும் பல்சக்கரம் கையோடு இருக்கும். இரண்டாவதில் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே எண்ணெயைத் தவிர ஒன்றுமில்லை. அதனால்தான் பல நாள் தயங்கினேன். இரண்டாவதைத் தேர்ந்ததற்குக் காரணம் என் இடது கட்டைவிரல். அது ஏன் கோணலாக இருக்கிறது என்று நீ சிறுவயதில் கேட்பாய். சாலில் கிடந்த கல்லில் முன்சக்கரம் மோதி, ஸ்டீரிங் தானாகச் சுழன்று, அதன் ஆரக்கால் விரலில் அடித்ததால்தான். கட்டைவிரலை வளையத்துக்கு உள்ளே விடாதே என்று உங்கள் இருவருக்கும் முதல் பாடம் சொன்னதும் அதனால்தான். ஆர்பிட்ராலில் அந்த உதை கைக்கு ஏறி வருவதில்லை.

அதன் உள்ளே இருக்கும் சாமர்த்தியத்தை நான் இரண்டு நாள் பிரித்துப் பார்த்து ரசித்தேன். ஏழு குழிவுள்ள வளையத்துக்குள் ஆறு பல்லுள்ள ஒரு நட்சத்திரம் உருண்டு சுழல்கிறது. ஸ்டீரிங்கைத் திருப்பினால் ஒரு சிறு உருளை சில பாகைகள் முந்திக்கொண்டு எண்ணெய்க்கு வழி திறக்கிறது. அந்த எண்ணெயை நட்சத்திரம் அளந்து சிலிண்டருக்கு அனுப்புகிறது. அளக்க அளக்க, தானும் சுழன்று வந்து அதே வழியை மூடிவிடுகிறது. திருப்பிய அளவுக்குத்தான் எண்ணெய், நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். எஞ்சின் அணைந்துவிட்டால் அதே நட்சத்திரம் கைப்பம்பாக மாறுகிறது. கனமாக இருக்கும், ஆனால் திரும்பும். நான் அணைத்துவிட்டுத் திருப்பிச் சோதித்தேன். அது திரும்பிய பிறகுதான் எனக்கு இரவில் தூக்கம் வந்தது.

கலப்பையைத் தூக்கும் லிஃப்ட்டுக்கு உள்ளேயே ஒரு பம்ப் இருக்கிறதே, அதில் ஒரு குழாய் எடுக்கலாமே என்று நீ கேட்பாய். நம் வண்டியில் கிளட்ச்சை மிதித்தால் அந்தப் பம்பும் நின்றுவிடும். வரப்போரம் கிளட்ச்சை மிதித்துத் திருப்பும் நேரத்தில் ஸ்டீரிங் செத்துப்போனால் என்ன பயன்? ஆகவே உடைத்துப் போட்ட ஒரு காரின் பவர் ஸ்டீரிங் பம்பை எடுத்து எஞ்சின் முன்னால் பெல்ட்டில் ஓடவிட்டேன். வேகம் கூடினாலும் எண்ணெய் அளவை மட்டுப்படுத்தும் வால்வு அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரே திசையில்தான் சுழல வேண்டும், வாங்கும்போதே அதைப் பார்த்துக்கொண்டேன். பிராக்கெட்டுகள் எல்லாம் ஏற்கனவே இருந்த துளைகளில்தான் நிற்கின்றன. வண்டியில் ஒரு புது ஓட்டைகூடப் போடவில்லை. பழைய பாக்ஸைக் கழுவி, எண்ணெய் பூசி, சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கு யாராவது வண்டியைப் பழையபடி ஆக்க நினைத்தால் ஒரே நாளில் ஆக்கலாம்.

நம் வண்டியில் ஒரு டிராக் லிங்கும் குறுக்கே ஒரு டை ராடும் இருப்பதால் வேலை சுலபம். பெர்குசன் பாணி வண்டிகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு லிங்க் உண்டு, குறுக்குக் கம்பி இருக்காது. அங்கே பாக்ஸை எடுத்தால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துக் கட்டவே தனியாக யோசிக்க வேண்டும்.

சிலிண்டரில்தான் இரண்டு முறை முட்டாளானேன். முதலில் அதன் ஒரு முனையை வண்டியின் சட்டத்தில் பூட்டினேன். பார்க்க வலுவாக இருந்தது. வயலில் இறங்கினதும் ஒரு சக்கரம் மேட்டில் ஏற, வண்டி தானாகவே பக்கவாட்டில் திரும்பியது. முன் அச்சு நடுவில் ஒரு பின்னில் ஊஞ்சல்போல் ஆடுவது எனக்குத் தெரியாதா என்ன? இருந்தும் யோசிக்கவில்லை. அச்சோடு சேர்ந்து சிலிண்டரும் ஆட வேண்டும். கழற்றி, அச்சின் மேலேயே பூட்டினேன். பிஸ்டன் தன் முனையில் போய் முட்டுவதற்கு முன்பே அச்சிலுள்ள தடுப்புப் போல்ட்டில் சக்கரம் முட்டும்படியும் சரிசெய்தேன்.

இரண்டாவது முட்டாள்தனம் இன்னும் வண்டியிலேயே இருக்கிறது. சிலிண்டரின் உள்விட்டம் 5 செ.மீ., தண்டு 2.5 செ.மீ., பிஸ்டன் நகரும் ஓட்டம் 20 செ.மீ. ஆர்பிட்ரால் ஒரு சுற்றுக்கு 100 கன செ.மீ. எண்ணெய் தள்ளுகிறது. எல்லாம் பூட்டி ஓட்டினால் ஒரு பக்கம் திருப்ப ஏறக்குறைய நான்கு சுற்று, மறுபக்கம் திருப்ப மூன்று சுற்றுகூட வேண்டியதில்லை. காற்று சிக்கியிருக்கிறது என்று நினைத்தேன். முன் அச்சைத் தூக்கி, எஞ்சினை அணைத்து, இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக இருபது முறை திருப்பிக் காற்றை வெளியேற்றினேன். தொட்டியில் எண்ணெய் நுரைத்துப் பால் நிறமானதுதான் மிச்சம். அது தெளிந்த பிறகும் அதே நான்கு, அதே மூன்று. இரவில் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டபோதுதான் புரிந்தது. பிஸ்டனின் ஒரு பக்கம் முழுப் பரப்பு, 19.6 சதுர செ.மீ. மறுபக்கம் தண்டு 4.9ஐத் தின்றுவிட்டு 14.7தான் மிச்சம். நிரப்ப ஒரு பக்கம் 393 கன செ.மீ., மறுபக்கம் 295. நீயாக இருந்தால் வாங்குவதற்கு முன்பே இதைக் கணக்கிட்டிருப்பாய்.

வலிமையிலும் அதே ஏற்றத்தாழ்வு உண்டு. அழுத்த வால்வை 70 பாரில் நிறுத்தியிருக்கிறேன், அதாவது சதுர செ.மீ.க்கு சுமார் 70 கிலோ. ஒரு பக்கம் ஏறக்குறைய 1,370 கிலோ தள்ளும், மறுபக்கம் 1,030. நம் வண்டிக்கு இரண்டுமே தாராளம். இந்தத் தாராளம்தான் எனக்குக் கொஞ்சம் பயம். முன்பு சக்கரம் எதிலாவது சிக்கினால் கை சொல்லிவிடும். இப்போது கைக்கு ஒன்றும் தெரியாது, கிங்பின் தேய்ந்தாலும் தெரியாது. அதனால் மாதம் ஒரு முறை அச்சைத் தூக்கி, டை ராடையும் சிலிண்டரின் முனையையும் கழற்றிக் கையால் அசைத்துப் பார்க்கப்போகிறேன். நின்ற இடத்தில் திருப்புவதும் இல்லை, வண்டி கொஞ்சம் நகர்ந்த பிறகுதான்.

ஹோஸில் கசிவு தேடும்போது கையால் தடவவில்லை, கவலைப்படாதே. அந்த அழுத்தத்தில் ஊசித்துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்று எனக்கும் தெரியும். அட்டைத் துண்டை நீட்டித்தான் பார்த்தேன்.

இப்போது தராசு ஒரு கிலோவைக்கூடக் காட்டுவதில்லை. தோள்வலியும் குறைந்திருக்கிறது. முதல் நாள் பழக்கதோஷத்தில் பழைய வேகத்தில் இழுத்து, நானே அதே வரப்பில் ஏற்றிவிட்டேன். நீயும் முதல் திருப்பத்தில் ஏற்றுவாய், ஏற்று. நான் பக்கத்தில் ஓடி வர மாட்டேன்.

ஒரே சந்தேகம் மிச்சம். இரண்டு பக்கமும் தண்டு வெளியே வரும் சிலிண்டரை வைத்தால் இரு பக்கமும் 14.7தான், திருப்பமும் இரு பக்கமும் மூன்று சுற்றுக்குள் அடங்கும் என்பது என் கணக்கு. ஆனால் அதை அச்சின் நடுவில் பூட்டி இரண்டு சக்கரத்தின் கைகளோடும் சேர்க்க வேண்டியிருக்கும். அப்போது முழுத் திருப்பத்தில் இரண்டு சக்கரமும் சரியான கோணத்தில் நிற்குமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அளவுகளை எல்லாம் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சின் படம் கோணலாக இருக்கும், எண்கள் சரி. போட்டுப் பார்த்து எழுது. நீ சொன்ன பிறகுதான் சிலிண்டர் வாங்குவேன்.

அன்புடன்,
அப்பா