தோல் கொடுத்தவர்களுக்கும் தோள் கொடுத்தவர்களுக்கும்

அன்புள்ள தோட்டத்து மக்களுக்கும், இந்த மடல் போய்ச் சேரவே சேராத, பெயர் தெரியாத சிலருக்கும்,

என் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டுவிட்டது. அதில் நன்றியுரை என்று அரைப் பக்கம் இருக்கிறது, அதுவும் ஆங்கிலத்தில். மேற்பார்வையாளர், நிதி கொடுத்தவர்கள், ஆய்வுகூட நண்பர்கள் எல்லாரும் அதில் வந்துவிட்டார்கள். வராமல் போனவர்களுக்காகத்தான் இந்த மடல். இலங்கை மலைநாட்டில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவள் இத்தனை வருடமாக வெளிநாட்டில் அப்படி என்னதான் செய்கிறாள் என்று என் அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்களே, அதற்கும் பதில் இதில் இருக்கிறது.

முதல் நன்றி தங்கள் தோலைக் கொடுத்தவர்களுக்கு.

நான் ஆராய்ந்தது அல்சைமர் என்ற மறதி நோயை. அதில் பழுதாவது மூளை. உயிரோடு இருப்பவரின் மூளையில் துண்டு வெட்டி எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இறந்தபின் கிடைக்கும் மூளையிலோ நோய் தன் வேலையை முடித்துவிட்டிருக்கும். அதனால்தான் தோலைத் தேடிப் போகிறோம். கையில் ஓரிடத்தை ஊசி போட்டு மரக்கவைத்து, மூன்று மில்லிமீற்றர் அளவில் வட்டமாக ஒரு துண்டு எடுப்பார்கள். புண் ஆறிவிடும், சின்னத் தழும்பு நிற்கும். எடுத்த தோலை ஊட்டத் திரவத்தில் வைத்தால் அதன் ஓரங்களிலிருந்து ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற கலங்கள், அதாவது வெறுங்கண்ணுக்குத் தெரியாத தோலின் உயிரணுக்கள், ஊர்ந்து வெளியே வரும். அவற்றைப் பெருக்கி, குப்பியில் அடைத்து, பூச்சியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியஸ் குளிரில் திரவ நைதரசனுக்குள் வைத்துவிட்டால் வருடக்கணக்கில் கெடாது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், கேம்டன் நகரத்துக் கோரியல் நிறுவனம் இப்படிப்பட்ட குப்பிகளைச் சேர்த்து வைத்து, பல நாட்டு ஆய்வாளர்களுக்கும் அனுப்புகிறது.

எனக்கு வந்த குப்பி ஒன்றில் ஓர் இலக்கமும் வயதும் நோயின் பெயரும் இருந்தன. பெண் என்று போட்டிருந்தது. அதற்கு மேல் அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது, அதுதான் முறை. 37 பாகை வெந்நீரில் குப்பியை மெல்ல ஆட்டி, உள்ளே பனி ஒரு பொட்டளவு மிஞ்சியிருக்கும்போதே எடுத்து, இளஞ்சிவப்புத் திரவத்தில் விடவேண்டும். மறுநாள் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் உருண்டையாகக் கிடந்தவை நீண்டு மெலிந்து தட்டின் அடியைப் பிடித்திருக்கும். நாள் போகப்போக இடம் போதாமல் நெருங்கி, ஒன்றை ஒட்டி ஒன்றாக வளைந்து வளைந்து படுத்துவிடும். எதிர்மலையில் நின்று நம்ம தேயிலை நிரைகளைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். கூட வேலை செய்த பிள்ளைக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாமல், கடைசியில் ஃபோனில் இருந்த மலைப் படத்தைக் காட்டினேன். திரவம் மஞ்சளாகத் தொடங்கினால் மாற்றவேண்டும். அது ஞாயிறு, தீபாவளி எல்லாம் பார்க்காது.

இந்தக் கலங்களை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்? குடும்பத்தில் வழிவழியாக வரும் அல்சைமரில், நோயாளியின் தோல்கலங்களே, மூளையில் படிந்து சேரும் அமிலோயிட் என்ற புரதத்தின் கெட்ட வகையைக் கூடுதலாக வெளிவிடுகின்றன என்று 1996இலேயே கண்டார்கள். பெரிய திருப்பம் ஜப்பானில் வந்தது. ஷின்யா யமனாகா 2006இல் எலியின் தோல்கலங்களுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அவற்றைக் கரு நிலைக் கலம் போல ஆக்கினார். அடுத்த வருடமே மனிதத் தோலிலும் அது நடந்தது. அப்படிப் பின்னோக்கிப் போன கலத்திலிருந்து நரம்புக்கலத்தை வளர்க்கலாம். மண்டையைத் திறக்காமலே, உயிரோடிருக்கும் நோயாளியின் சொந்த நரம்புக்கலம் தட்டில் கிடைக்கிறது. 2012இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே வருடம் சான் டியேகோவில் வந்த ஓர் ஆய்வை நான் எத்தனை முறை படித்திருப்பேன் என்று சொல்ல முடியாது. அதில் தோல் கொடுத்தவர்கள் மொத்தமே 6 பேர். இரண்டு பேருக்குக் குடும்பவழி அல்சைமர், இரண்டு பேருக்குக் காரணம் தெரியாமல் வந்த அல்சைமர், இரண்டு பேருக்கு நோயே இல்லை. குடும்பவழி நோயாளிகள் இருவரிலும், மற்ற இருவரில் ஒருவரிலும் நரம்புக்கலங்கள் அமிலோயிட்டைக் கூடுதலாகச் சுரந்தன. இன்னொருவரின் கலங்கள் நோயில்லாதவருடையவை மாதிரியே இருந்தன. ஒரே பெயரால் அழைக்கும் நோய் எல்லாரிடமும் ஒரே வழியால் வரவில்லையோ என்ற சந்தேகம் அங்கே வலுத்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் அந்தக் கடைசி இரண்டு பேர். நோய் இல்லாதவர்கள். அவர்களுடைய கலங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் கூடுதல் எது, குறைவு எது என்று எதை வைத்துச் சொல்வது? நோயாளிக்காவது தன் நோயைப் பற்றி யாரோ கண்டுபிடிப்பார்கள் என்ற நினைப்பு இருக்கும். இவர்கள் ஒன்றுமில்லாமல் வந்து கையை நீட்டியவர்கள். பல சமயம் நோயாளியின் கணவனோ மனைவியோ, கூடப் பிறந்தவர்களோ இப்படி முன்வருகிறார்கள். என்னைக் கேட்டால் இவர்களுக்கு ஒரு கும்பிடு கூடவே போடவேண்டும்.

நோயாளிக்குப் பதிலாகப் பத்திரம் படித்துக் கையெழுத்து வைத்த பிள்ளைகளுக்கும் நன்றி. 1951இல் ஹென்றியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாயின் கலங்களை அவரைக் கேட்காமலே எடுத்து வளர்த்தார்கள். உலகமே அவற்றைப் பயன்படுத்தியது, குடும்பத்துக்குப் பல வருடம் தெரியாது. எனக்கு வந்த ஒவ்வொரு குப்பிக்குப் பின்னாலும் யாரோ யோசித்துச் சம்மதித்திருக்கிறார்கள். அந்தத் தோல்கலம் ஏறத்தாழ 40 முதல் 60 தடவைதான் இரண்டாகப் பிரிந்து பெருகும், பிறகு நின்றுவிடும். அள்ள அள்ளக் குறையாதது இல்லை. அந்த நினைப்போடுதான் தொட்டோம்.

சரி, இனி மலைக்கு வருகிறேன்.

எங்கள் அம்மாயிக்கு, அதாவது பாட்டிக்கு, மறதி முற்றியபோது, வேலையிலிருந்து நின்று பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் விடியுமுன் இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு, கூடையோடு, வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குக் கிளம்பிவிடுவார். ஒரு வைத்தியசாலையில் காட்டியபோது, வயது போனால் அப்படித்தான் என்று விற்றமின் குளிசை கொடுத்து அனுப்பினார்கள். பேய்க்கோளாறு என்றவர்களும் இருந்தார்கள். இது நோய், கண்டிக்குக் கொண்டு போங்கள் என்று எழுதிக் கொடுத்த தோட்டத்து மருத்துவிச்சி அம்மாவுக்கு நன்றி. மழையிலும் கூட்டிப் போய் வந்த திரீவீலர் தம்பிக்கும், அந்நேரத்தில் கதவு திறந்த சத்தம் கேட்டே எழுந்துவந்து அவரைத் திருப்பிக் கூட்டிவந்த மேல் லயத்து அக்காமாருக்கும்.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக் கணக்கப்பிள்ளை ஐயா, உங்களுக்கு என்ன சொல்வது? முற்றின இலையும் புல்லுமாக அம்மாயி கொண்டுவந்த கூடையை நீங்கள் ஒரு நாளும் தள்ளிவிடவில்லை. தராசில் மாட்டி, முள்ளைக் குனிந்து பார்த்து, “பதினெட்டுக் கிலோ, முழுப்பேரு!” என்று, அதாவது முழு நாள் கூலி என்று, எல்லாருக்கும் கேட்கச் சொல்லி, பழைய கொப்பியில் எழுதுவீர்கள். “சரியா எழுதுனீங்களா?” என்று அவர் எட்டிப் பார்ப்பார். நீங்களும் கொப்பியைத் திருப்பிக் காட்டுவீர்கள். எழுத்துத் தெரியாத அம்மாயி அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வருவார். மறதி உள்ளவரோடு வாதாடாதீர்கள் என்று எங்களுக்குத் தனிப் பாடமே நடத்தினார்கள். வகுப்பில் நான் உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தன் முறைக்கு வந்த சீட்டுப் பணத்தை என் விமானப் பயணத்துக்கு விட்டுக்கொடுத்த அக்கா, வெங்காயத் தோலை நுணுக்குக்காட்டியில் முதன்முதல் காட்டிய விஞ்ஞான சேர், உங்கள் இருவரையும் நேரில் பார்த்துக் கும்பிட்டாயிற்று. இங்கேயும் ஒருமுறை.

அப்புறம், போன ஞாயிறு, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில் நான் பேசியபோது பின்வரிசையிலிருந்து ஓர் அக்கா கேட்டார்: “அந்தத் தோலக் கொடுத்த ஆளுக்கு என்னாம்மா கெடச்சிச்சு?” ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன். குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. அமெரிக்காவில் 2023இல் முழு அனுமதி பெற்ற லெகனெமாப் என்ற மருந்து, தொடக்க நிலையில் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவுதான். என் ஆய்விலும் தலைப்புச் செய்திக்கு எதுவும் இல்லை. அவர் விடவில்லை. “அப்ப நம்ம தோல எடுக்க மாட்டாங்களா?”

நல்ல கேள்வி அக்கா, அதற்கு உங்களுக்குத் தனி நன்றி. இந்தச் சேமிப்புகளில் இருப்பவை பெரும்பாலும் ஐரோப்பிய வழி வந்தவர்களின் கலங்கள். நான் கையாண்ட குப்பிகளில் நம்மைப் போன்றவர் ஒருவரும் இல்லை. அது குறைதான். ஆனால் நான் தோல் கேட்டு வரவில்லை. நாளைக்கு யாராவது, நானே ஆனாலும், கேட்டு வந்தால் உடனே கையை நீட்டிவிடாதீர்கள். எதற்கு எடுக்கிறார்கள், யாரிடம் இருக்கும், எந்த நாட்டுக்குப் போகும், பிறகு வேண்டாம் என்றால் நிறுத்துவார்களா என்பதையெல்லாம் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட லயத்துப் பிள்ளை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். எல்லாம் சரி என்று பட்டால், கொடுப்பதும் விடுவதும் உங்கள் இஷ்டம்.

இப்படிக்கு,
மேல் லயத்து மகள்