'ரன்' என்றால் ஓடுவது மட்டுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் வந்த ஆங்கிலச் சொல் பட்டியலில் 'ரன்' என்பதற்கு ஓடு என்று பொருள் போட்டு, எதிரே அதே பொருள் தரும் இணைச்சொற்களாக ஸ்பிரிண்ட், ஜாக், ரேஸ் என்று கொடுத்திருந்தீர்கள். எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் பெண் அதை அப்படியே மனப்பாடம் செய்துவிட்டாள். அவளுடைய அப்பா டீக்கடை வைத்திருக்கிறார். குடும்பத்தைப் பற்றிய கட்டுரையில் 'மை ஃபாதர் ரன்ஸ் எ டீ ஷாப்' என்று சரியாக எழுதியிருந்தவள், அப்புறம் 'ரன்ஸ்' என்பதை அடித்துவிட்டு 'ஸ்பிரிண்ட்ஸ்' என்று மாற்றியிருந்தாள். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒன்று என்றுதானே அச்சில் வந்திருக்கிறது?

'ரன்' லேசுப்பட்ட சொல் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய பதிப்புக்காக இந்த வினைச்சொல்லைத் திருத்தி எழுதியபோது 645 பொருள்கள் தேறின. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற சொல்தான் மிக நீளமான பதிவு. அதை இது முந்திவிட்டது. அத்தனையும் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆனால் பஸ் ஓடுவது, படம் நூறு நாள் ஓடுவது, குழாயில் தண்ணீர் வருவது, மூக்கு ஒழுகுவது, கடை நடத்துவது எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் வரும் என்பதாவது தெரிய வேண்டாமா? முதல் இரண்டுக்கு நம் 'ஓடு' பொருந்துகிறது, மற்றவற்றுக்குப் பொருந்தாது. தேர்தல் என்றால் அமெரிக்காவில் 'ரன்' என்பார்கள். பிரிட்டனில் நம்மைப் போலவே வேட்பாளர் 'நிற்கிறார்'.

பொருள் மாறினால் இணைச்சொல்லும் மாறும். கடைக்கு 'மேனேஜ்', தண்ணீருக்கு 'ஃப்ளோ', மெஷினுக்கு 'ஆபரேட்'. ஓடுவதிலேயே 'ஜாக்' மெதுவான ஓட்டம், 'ஸ்பிரிண்ட்' கொஞ்ச தூரத்துக்கு முழு வேகத்தில் பாய்வது. நம் பழைய செய்யுள் அகராதிகளான நிகண்டுகளைச் செய்தவர்கள் ஒரு பொருளுக்குப் பல சொற்களைத் தனித் தொகுதிகளாகவும், ஒரு சொல்லுக்குப் பல பொருள்களை வேறொரு தொகுதியாகவும் பிரித்து வைத்தார்கள். அந்தத் தெளிவு நமக்குப் புதிதல்ல.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலும் வாக்கியத்தில் அடிக்கோடிட்ட சொல்லுக்குத்தான் இணைச்சொல் கேட்கிறார்கள். ஆகவே வாரத்துக்கு ஐந்து சொல் போதும். ஒவ்வொன்றுக்கும் நாலைந்து வாக்கியம் கொடுத்து, எந்த வாக்கியத்தில் எந்த இணைச்சொல் பொருந்தும் என்று பக்கத்திலேயே போடுங்கள். முதலில் 'ஃபைன்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். அதே பட்டியலில் அதற்கு 'அபராதம்' என்ற பொருளே விட்டுப்போயிருக்கிறது.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்