செய்ததற்கும் செய்யாமல் இருந்ததற்கும்: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஒப்பந்தம் வாக்கெடுப்பில் நிறைவேறிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. சங்கத்தின் முறையான நன்றி அறிக்கை ஆங்கிலத்தில் தனியே வந்திருக்கிறது. அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றின் விமானிகள் சங்கத்தில் பேச்சுவார்த்தைக் குழுவிலும் வேலைநிறுத்த ஆயத்தக் குழுவிலும் இருந்த தமிழர் சிலர் சேர்ந்து எழுதும் மடல் இது. உதவியவர்களில் தமிழ் வீடுகள் உண்டு. "என்னப்பா, இன்னுமா பேசிக்கிட்டிருக்கீங்க? ஒரு நாள் பிளேனை நிறுத்துனா தன்னால வழிக்கு வந்துட்டுப் போறாங்க" என்று ஊரிலிருந்து போனில் கேட்டுக்கொண்டே இருந்த பெரியவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் யாருக்கு எதற்காக நன்றி சொல்கிறோம் என்பது விளங்கும்.

இங்கே விமானிகளின் கூட்டுப் பேரம் ரயில்வே தொழிலாளர் சட்டத்தின் கீழ் வருகிறது. 1926இல் ரயில்வேக்காகப் போட்ட சட்டம். 1936இல் விமானத் துறையையும் அதில் சேர்த்தார்கள். இதன்படி ஒப்பந்தம் காலாவதி ஆவதே இல்லை. குறித்த தேதியில் திருத்தத்துக்கு வரும், அவ்வளவுதான். புதியது வரும்வரை பழைய சம்பளமும் பழைய விதிகளும் அப்படியே ஓடும். பேச்சு முறிந்தால் தேசிய மத்தியஸ்த வாரியத்தின் மத்தியஸ்தர் வருவார். எப்போது கூடுவது, எங்கே கூடுவது என்பது அவர் கையில். இனி பேசிப் பயனில்லை என்று வாரியத்துக்குத் தோன்றினால், நடுவர் தீர்ப்புக்குப் போகிறீர்களா என்று இரு தரப்பையும் கேட்கும். யாராவது ஒருவர் மறுத்தால் மத்தியஸ்தத்திலிருந்து இரு தரப்பையும் விடுவித்துவிடும். அன்றிலிருந்து 30 நாள் ஆறப்போடும் காலம். அது முடிந்த பிறகுதான் வேலைநிறுத்தம். அப்போதும் குடியரசுத் தலைவர் அவசரக் குழு அமைத்தால் மறுபடி காத்திருக்க வேண்டும். 1997 பிப்ரவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் நள்ளிரவில் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சில நிமிடங்களிலேயே கிளின்டன் அவசரக் குழுவை அறிவிக்க, அது அத்தோடு முடிந்தது.

ஆகவே முதல் நன்றி, பொறுத்தவர்களுக்கு. வெறும் பொறுமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்த 30 நாள் கடிகாரம் ஓடி முடியும்வரை, பேரத்துக்காகக் கூட்டாக வேலையைக் குறைப்பது எந்த வடிவில் இருந்தாலும் சட்டவிரோதம். பத்துப் பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் காய்ச்சல் என்று விடுப்பு எடுத்தாலும், "யாரும் ஓவர்டைம் எடுக்காதீங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி தட்டிவிட்டாலும், நிர்வாகத்தின் வழக்கறிஞர் அதை அப்படியே நீதிமன்றத்துக்கு எடுத்துப்போவார். 1999இல் ரெனோ ஏர் என்ற நிறுவனத்தைத் தன்னோடு இணைத்ததில் எழுந்த தகராறின்போது அமெரிக்கன் விமானிகள் பெருமளவில் உடல்நலமில்லை என்று சொல்லி வராமல் இருந்தார்கள். வேலைக்குத் திரும்பச் சொல்லி நீதிமன்றம் ஆணையிட்ட பிறகும் அது உடனே நிற்கவில்லை. அவமதிப்புக்காகச் சங்கத்துக்கு விதித்த தொகை 4.5 கோடி டாலருக்கு மேல். அப்படி ஒன்று நடக்கும்போது சங்கம் தூண்டவில்லை என்று காட்டினால் மட்டும் போதாது. தடுக்க நியாயமான முயற்சி எடுத்ததையும் காட்ட வேண்டும்.

அதனால்தான் சொல்கிறோம்: கோபம் மண்டைக்கு ஏறிய இரவுகளிலும் அந்த ஒரு வரியைத் தட்டாமல் இருந்த ஒவ்வொருவருக்கும் நன்றி. செய்தித்தொடர்புத் தன்னார்வலர்களுக்கு இரட்டிப்பு நன்றி. ஆபத்தான பதிவு வந்தால் நீக்கி, எழுதியவரை அழைத்துப் பேசி, பேசிய நேரத்தைக் குறித்து வைத்தீர்கள். ஒரு கேலிப்படம்கூடத் தப்பவில்லை. "சங்கமே வாயைக் கட்டுதே" என்று திட்டு வாங்கியதும் நீங்கள்தான். அந்தக் குறிப்பேடு நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வரவில்லை. உங்கள் வேலை சரியாக நடந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

அடுத்து, ஓய்வு நேரத்தைக் குறித்துக் கொடுத்தவர்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த ஒப்பந்தத்தில் எங்களுக்குப் பெரிதாகத் தெரிவது சம்பள விழுக்காடு அல்ல, இதுதான்.

கூட்டாட்சி விமான விதிகளின் 117ஆம் பகுதிப்படி, பணிக்கு முன் 10 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு வேண்டும். அதற்குள் 8 மணி நேரம் தடையின்றித் தூங்க வாய்ப்பு இருக்க வேண்டும். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இரவு 22:40க்குப் பணி முடிகிறது. காலை 08:40க்கு அடுத்த பணி. கணக்கு 10 மணி நேரம், கணினி பச்சை காட்டும். ஆனால் ஓட்டல் வேன் 25 நிமிடம் கழித்து வருகிறது, பயணம் 25 நிமிடம், வரவேற்பு மேசையில் 10 நிமிடம். அறைக் கதவு சாத்தும்போது 23:40. காலையில் 08:00 வேனைப் பிடிக்க 07:00க்கு எழ வேண்டும். தூக்கத்துக்கு மிஞ்சுவது 7 மணி 20 நிமிடம். 8 மணி நேரம் கிடைக்காது என்று தெரிந்தால் விமானி நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். அது கிடைக்கும்வரை பணியேற்கக் கூடாது. விதியில் இது இருக்கிறது. ஆனால் நள்ளிரவில் தனியாக அழைத்து, மறுநாள் விமானம் தாமதமாகத் தான் காரணமாவோம் என்று தெரிந்தே சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும், அதுவும் தகுதிகாண் காலத்தில் இருக்கும் இளம் துணை விமானிக்கு?

பேச்சு மேசையில் "வேன் தாமதமாக வருகிறது" என்றால் "எங்கோ ஒருமுறை நடந்திருக்கும்" என்று பதில் வரும். அந்தப் பதிலை அடைத்தது உங்கள் பதிவுகள்: பணி முடிந்த நேரம், வேன் ஏறிய நேரம், அறைக் கதவு நேரம், மறுநாள் வேன் நேரம். நான்கே எண்கள். தொடக்கத்தில் வந்தவற்றில் பாதி பயன்படவில்லை. சிலர் உள்ளூர் நேரத்தையும் கிரீன்விச் நேரத்தையும் கலந்து எழுதியிருந்தார்கள். சிலர் மாதக் கடைசியில் நினைவிலிருந்து நிரப்பினார்கள்; எல்லாம் 00, 15, 30 என்று முடிந்தால் யார் நம்புவார்கள்? இன்னொரு சிக்கல், பணி அட்டவணை நடுவில் மாறினால் கணினியில் கடைசி வடிவம்தான் நிற்கும், முந்தையது அழிந்துபோகும். மாற்றம் வந்த கையோடு திரையைப் படம் எடுத்து, அன்றைய தேதியைப் பெயராக வைத்து அனுப்புங்கள் என்று விமானிகள் பணி தொடங்கும் ஒவ்வொரு ஊருக்கும் போய்ச் சொல்லித்தந்த ஓய்வுபெற்ற கேப்டன்கள் இருவருக்கும் எங்கள் வணக்கம். புதிய ஒப்பந்தப்படி இப்போது ஓய்வு ஓட்டல் அறையிலிருந்து கணக்கிடப்படுகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் அந்த நான்கு எண்கள் இருக்கின்றன.

கணக்குப் பிரிவினருக்கும் நன்றி. விமானிக்குச் சம்பளம் மாதம் இவ்வளவு என்று வருவதல்ல. வாசலை விட்டு விமானம் நகர்ந்ததிலிருந்து மறு வாசலில் நிற்கும்வரை ஓடும் மணிக்கணக்கு. நடுவில் காத்திருக்கும் நேரம் சும்மா போகாமல் இருக்கத்தான் உத்தரவாத விகிதங்கள். எடுத்துக்காட்டாக, திங்கள் காலை 06:00க்குக் கிளம்பி புதன் இரவு 20:00க்குத் திரும்பும் பயணம். வீட்டை விட்டு 62 மணி நேரம். பறந்தது 12 மணி 30 நிமிடம்தான். மூன்றரை மணிக்கு ஒரு மணி என்ற விகிதம் இருந்தால் 62ஐ 3.5ஆல் வகுத்து 17 மணி 43 நிமிடத்துக்குச் சம்பளம். இதையெல்லாம் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் இரவோடு இரவாகக் கணக்குப் போட்டு, "இது உங்களுக்கு இவ்வளவு செலவு" என்று எதிர்த்தரப்பின் எண்ணை அவர்களுக்கு முன்பே சொன்னீர்கள். விழுக்காட்டைப் படிக்கவும் உறுப்பினர்களுக்குச் சொல்லித்தந்தீர்கள். 2023இல் டெல்டா விமானிகள் பெற்ற 34 விழுக்காடு என்பது 18, 5, 4, 4 என்று நான்கு படிகள். வெறுமனே கூட்டினால் 31, ஒன்றின்மேல் ஒன்றாக ஏறுவதால் 34. இது புரியாமல் எத்தனை வாட்ஸ்அப் சண்டை!

விமான நிலைய வாசலில் வரிசையில் நின்றவர்களுக்கு நன்றி. பார்க்கிறவர்களுக்கு அது வேலைநிறுத்தம் போலத் தெரியும்; ஆனால் அது விளக்க அணிவகுப்பு. பணியில் இல்லாதவர்கள் மட்டும், விமான நிலைய நிர்வாகத்தின் அனுமதியோடு, குறித்த நடைபாதையில், முழுச் சீருடையில், தொப்பியோடு. கதவை மறிக்கக் கூடாது. பயணியிடம் நாமாகப் போய்ப் பேசக் கூடாது, கேட்டால் துண்டறிக்கை. நிருபர் வந்தால் குழு குறித்த ஒருவர் மட்டும் பேசுவார். கோஷம் இல்லை. தொப்பியணிந்த நூறு பேர் வாய் திறக்காமல் நடந்தால், பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுகிறவரும் ஒரு நொடி நின்று தட்டியைப் படிக்கிறார். வெயில் நாளில் ஆளை அடிக்கடி மாற்றாவிட்டால் மயங்கி விழுவார்கள்; அதைக் கவனித்துத் தண்ணீர்ப் பெட்டியோடு சுற்றி வந்த பிள்ளைகளுக்குத் தனி நன்றி.

வேறு நிறுவனங்களின் விமானிகள் தத்தம் சீருடையில் வந்து வரிசையில் சேர்ந்தார்கள். விமானப் பணிப்பெண்களும் பணியாளர்களும் வந்தார்கள், மெக்கானிக்குகளும் வந்தார்கள். அவர்கள் ஒப்பந்தம் வேறு, அவர்கள் சங்கம் வேறு. இதற்கும் மேலாக, வெளியே தெரியாத உதவி ஒன்று உண்டு. வேலைநிறுத்தம் வந்தால் நின்றுபோகும் பயணங்களைக் கூட்டாளி நிறுவனங்களுக்குக் கைமாற்றி ஓட்டப் பார்ப்பார்கள். "அந்த வேலையை நாங்கள் தொடமாட்டோம்" என்று அந்தச் சங்கங்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தன. மேசையில் அந்தக் கடிதங்களின் எடை எங்கள் தட்டிகளைவிட அதிகம். 2010 ஜூனில் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் விமானிகள் வேலைநிறுத்தம் தொடங்கி ஐந்தாம் நாளே உடன்பாடு வந்ததற்கு, விமானங்கள் உண்மையாகவே தரையில் நின்றதுதான் காரணம். 1983இல் கான்டினென்டல் ஏர்லைன்ஸில் வேலைநிறுத்தத்தை மீறிப் போய் விமானம் ஓட்டியவர்கள் இருந்தார்கள். வேலைநிறுத்தம் 1985 வரை இழுத்துத் தோற்றது. கருங்காலி என்ற பெயர் ஒட்டினால், அடுத்த முப்பது ஆண்டுக்குக் காக்பிட்டில் உதிரி இருக்கை கேட்டால்கூடக் கேப்டன் கதவைப் பார்க்கச் சொல்வார். சரியா தவறா என்று வாதாடலாம். இத்துறையில் நினைவு நீளம்.

வீட்டிலிருப்பவர்களுக்கு நன்றி. குடும்பக் குழுவினர் தயாரித்த பட்டியல்தான் வேலைநிறுத்த ஆயத்தத்தில் மிக உருப்படியான தாள் என்பது எங்கள் கருத்து. மூன்று மாதச் செலவைக் கையில் வைப்பது, வேலைநிறுத்த நாளில் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு நின்றுபோகலாம் என்பதால் சொந்தச் செலவில் அதைத் தொடர 60 நாள் அவகாசம் உண்டு என்று தெரிந்துவைப்பது, தொடர் மருந்துகளை முன்கூட்டி வாங்குவது, வீட்டுக் கடன் தவணையைத் தள்ளிவைப்பது பற்றிக் கடன் சங்கத்திடம் இப்போதே பேசுவது. தவணை தவறிய பிறகு போய்ப் பேசினால் அவர்களுக்கும் கை கட்டப்பட்டிருக்கும்.

வாக்கெடுப்பில் "வேண்டாம்" என்று போட்டவர்களுக்கும் நன்றி. இது உபசாரத்துக்குச் சொல்வதல்ல. 2023இல் ஃபெடெக்ஸ் விமானிகள் தங்கள் சங்கமே கொண்டுவந்த உடன்பாட்டை 57 விழுக்காட்டோடு தள்ளினார்கள். தள்ளும் உரிமை உறுப்பினருக்கு உண்டு. விளக்கக் கூட்டங்களில் நீங்கள் கேட்ட கேள்விகளால்தான், அழைத்தால் வரத் தயாராகக் காத்திருக்கும் விமானிகளுக்கான ரிசர்வ் பிரிவில் "இயன்றவரை" என்ற ஒரு சொல் கண்ணில் பட்டது. "நிறுவனம் இயன்றவரை 12 மணி நேரம் முன்னதாக அறிவிக்கும்" என்றால், இயலாத நாளெல்லாம் அறிவிக்க வேண்டாம் என்று பொருள். பலமுறை படித்த எங்கள் கண்ணுக்கு அது தப்பியிருந்தது. விளக்கக் கடிதம் ஒன்று இரு தரப்புக் கையெழுத்தோடு இப்போது ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் இருக்கிறது.

இனிச் சில வேலைகள். முன்தேதியிட்ட நிலுவைத் தொகை தனிச் சம்பளச் சீட்டில் வரும். மணிக்கணக்கு, விகிதம், ஓய்வூதியப் பங்களிப்பு மூன்றையும் உங்கள் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சும்மா புலம்பாமல் பயண எண்ணோடு எழுதி அனுப்புங்கள். முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. விகிதங்கள் கணினியில் ஏறும்வரை முதல் சில மாதம் தவறுகள் வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அணிவகுப்பு நாளில் எல்லோருக்கும் எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்த அம்மாவுக்கு. வெள்ளைச் சட்டைக்காரர்களுக்குச் சாம்பார் ஆகாது என்று யோசித்த உங்களுக்கு எங்கள் நன்றி. இரண்டு எவர்சில்வர் தூக்குகளும் கழுவிச் சங்க அலுவலக அலமாரியில் இருக்கின்றன. மூடியில் பெயர் வெட்டியிருக்கிறது, ஆனால் தேய்ந்து முதல் எழுத்து மட்டுமே தெரிகிறது. அலுவலக நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
குழுவிலிருந்த தமிழர்கள்